சவரிராயன் வாங்காத காகிதம்

இரண்டு வருஷம் தாமதம் என்று கலிவரதன் மனதுக்குள் இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார், நாற்பத்திரண்டிலேயே வந்திருக்க வேண்டியவர்கள் அமெரிக்காக்காரனும் இங்கிலீஷ்காரனும், இரண்டாவது போர்முனையைத் திற திற என்று ருஷ்யாக்காரன் தொண்டை கிழியக் கத்தியும் கடலுக்கு அந்தக் கரையில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஸ்டாலின்கிராடில் ஜெர்மன்காரனின் முதுகெலும்பு முறிந்த பிறகு, ஆற அமர நாற்பத்துநாலு ஜூனில் வந்து இறங்கினார்கள், இறங்கியதற்கு இத்தனை கொடி, இத்தனை மியூசியம், டாங்கி பொம்மை விற்க இத்தனை கடை. அரோமான்ஷ் என்ற அந்தச் சின்ன பிரெஞ்சு ஊரின் கடற்கரைச் சுவரை ஒட்டிய பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார், தங்கை மகள் கொடுத்த குளிர்கோட்டும் தலையில் மப்ளருமாக, எழுபத்தேழு வயதிலும் கூன் விழாத முதுகோடு. கடல் வெகுதூரம் உள்வாங்கிப் போயிருந்தது. ஈர மணலிலும் அதற்கப்பால் தண்ணீரிலுமாகக் கருத்துப்போன சிமெண்டுப் பெட்டிகள் நின்றன, ஒவ்வொன்றும் ஒரு வீடு பெரிசு. துறைமுகம் இல்லாத ஊரில் சாமான் இறக்குவதற்காகத் துறைமுகத்தையே துண்டு துண்டாகக் கட்டிக் கடலில் இழுத்து வந்தார்களாம், தங்கை மகள் எழிலரசி காரை ஓட்டிக்கொண்டே சொன்னாள். அது மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. அதைக் கட்டியவன் தளபதி இல்லை, சிமெண்டு குழைத்தவன், கம்பி கட்டியவன், அவன் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது, காட்டட்டும் பார்க்கலாம். இப்படிக் கேட்டால் எவனும் வாயடைத்துப் போவான், புதுச்சேரி ஆலை வாசலில் நாற்பது வருஷம் இப்படிக் கேட்டுத்தான் அவர் கூட்டத்தை நிறுத்தி வைத்தார், ஒலிபெருக்கி இல்லாமல். அட்டை போட்ட புத்தகம் ஒன்றையும் அவர் முழுதாகப் படித்ததில்லை. எல்லாம் முப்பத்திரண்டு பக்கச் சின்ன வெளியீடுகள், எட்டணா, ஒரு ரூபாய், டீக்கடையில் உட்கார்ந்து படித்து முடித்து அடுத்தவனுக்குக் கைமாற்றியவை, ஆனால் படித்ததை மறந்ததில்லை, அதுதான் பட்டம் வாங்கியவனுக்கும் தனக்கும் உள்ள வித்தியாசம்.

பெஞ்சின் மறுமுனையில் தங்கை செங்கேணி மடியில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு புளிசோற்றைத் தட்டுகளில் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். புடவை, அதன்மேல் ஆண்பிள்ளைக் கோட்டு, காலில் விளையாட்டுக்காரன் போடுகிற ஷூ. காற்று தட்டைப் பறிக்கப் பார்த்தது. "உப்பு கம்மியா கீது, சொல்லிடறேன்" என்றாள், "அந்த ஓட்டல் அடுப்புல உப்ப எங்கன்னு தேடறது." ஐந்து நாளாக இப்படித்தான், எழிலரசி ஓட்ட, செங்கேணி முன்சீட்டில், இவர் பின்சீட்டில், கடலுக்கு நடுவில் நிற்கிற மடம், கும்பெனிக்காரன் கப்பல் கட்டிய லோரியான், மழை, மறுபடி மழை, ஊர் பெயர்களைவிட மாடுகள்தான் நினைவிருக்கின்றன, கடைசி ஊர் இது, இன்று இரவு வீடு, நாளை ஞாயிறு, நாளன்றைக்கு அவருக்கு விமானம். அதன் பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்பது என்பது கிடையாது. இது இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்லவில்லை. எழுபத்திரண்டு வயதில் செங்கேணி இனிப் புதுச்சேரி வரை விமானத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார மாட்டாள், அவரோ இந்த ஒரு தடவை வந்ததே, பிரெஞ்சுக்காரன் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று ஐம்பது வருஷம் சொன்ன வாயை மூடிக்கொண்டு வந்ததே, ஒரு காரணத்துக்காக. அந்தக் காரணத்தை ஐந்து நாளாக அவர் சொல்லவில்லை. சொல்லப் போகும்போதெல்லாம் செங்கேணியே அதன் பக்கத்தில் வந்துவிடுவாள், செத்துப்போன தம்பி தணிகாசலத்தின் பேச்சை எடுப்பாள், சின்னண்ணன் இருந்திருந்தா இந்த ரோட்டுல அவருதான் காரு ஓட்டியிருப்பாரு என்பாள், உடனே அந்தக் குமாஸ்தாவைத் திட்ட ஆரம்பிப்பாள், பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக் கொன்சுலா ஆபீஸ் குமாஸ்தா சவரிராயனை, தம்பி எழுதிக் கொடுத்த காகிதத்தை வாங்கித் தொலைத்துவிட்டுக் கையை விரித்த பாவியை. செத்துப் பதினெட்டு வருஷமான சவரிராயன் வயிற்றெரிச்சலோடு எங்கோ புரண்டு படுப்பான், இவர் ஜன்னல் வழியே மாடுகளைப் பார்ப்பார். ஏனென்றால் சவரிராயன் அந்தக் காகிதத்தை வாங்கவே இல்லை. அதைக் கொண்டுபோனவர் கலிவரதன். கொடுக்காதவரும் அவரே.

அறுபத்திரண்டு ஆகஸ்டில் ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள், யார் யார் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், எழுதிக் கொடுங்கள், எழுதாதவன் எல்லாம் இந்தியன். தெருவில் அதே பேச்சு. கலிவரதன் அப்போது நெசவுப் பகுதியில் இருபது வயசு ஆள், சங்கத்தில் உதவிச் செயலாளர், தெருமுனையில் பெட்டிமேல் ஏறி நின்று சொன்னார், முப்பத்தாறில் இதே ஆலை வாசலில் நம் அப்பன்களைச் சுட்டவன் கொடிக்குச் சலாம் போடப் போகிறீர்களா, இந்தோசீனாவில் கொன்றான், அல்ஜீரியாவில் கொன்றான், அடுத்து எங்கே உங்களைக் கொண்டுபோய்ச் சாகவிடுவான். நல்ல பேச்சு அது. இன்றும் ஒரு வார்த்தை மாற்ற மாட்டார். தெருவில் பாதிப்பேர் கேட்டார்கள், கூடப்பிறந்தவன் கேட்கவில்லை. தணிகாசலத்துக்குப் பத்தொன்பது வயசு, அவனுக்குப் பட்டாளத்தில் சேர வேண்டும், சேர்ந்து லாரி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் அவனுடைய அரசியல். தமிழில்கூடக் கையெழுத்து சரியாகப் போடாதவன் பிரெஞ்சு எழுத்தில் தன் பெயரை எழுதுவதற்காக இரண்டு வாரம் கொல்லைச் சுவரில் அடுப்புக்கரியால் எழுதி எழுதிப் பழகினான், சுவரே கருத்துப்போய் அம்மா துடைப்பத்தை எடுத்தாள். தவணை முடிகிற வாரம் அவனுக்கு அம்மை வார்த்துவிட்டது. வேப்பிலைக்கு நடுவில் படுத்துக்கொண்டு, அண்ணே நீ குடுத்துட்டு வாண்ணே என்றான். நான் யாரென்று தெரிந்துதானே கொடுத்தான், தெரு முழுக்கக் கேட்ட பேச்சை அவனும் கேட்டுத்தானே கொடுத்தான், அதுதான் இன்னும் புரியவில்லை, எந்த வெளியீட்டிலும் அதற்கு விளக்கம் இல்லை, எதிரி என்று தெரிந்தவனிடம் ஒருவன் தன் காகிதத்தைக் கொடுத்தனுப்புவது, அண்ணன் என்பதால்.

வரிசையில் நின்றார். பொய் சொல்லக்கூடாது, நின்றார். ஜன்னலுக்குப் பின்னால் சவரிராயன், வழுக்கை, மூக்கின் நுனியில் கண்ணாடி, ஒவ்வொரு காகிதமாக வாங்கி முத்திரை குத்திக்கொண்டிருந்தான், டப் டப் என்று, தறி ஓடுகிற மாதிரி. முன்னால் மூன்று பேர் இருக்கும்போது கலிவரதன் வரிசையைவிட்டு விலகினார். கிழிக்கலாம் என்று நினைத்தார், ஆனால் கீழே அந்தக் கையெழுத்து, கோணல் கோணலாக, கடைசி எழுத்து இடமில்லாமல் மேலே ஏறி நின்ற அந்தப் பெயர், கிழிக்கக் கை வரவில்லை. மறுநாள் விடியற்காலை போஸ்டர் ஒட்டப் போன இடத்தில், பசை வாளியோடு, கடற்கரைச் சாலை கிடங்குச் சுவரில் அந்தக் காகிதத்தை முதலில் ஒட்டினார், நாலு மூலையும் பசை தடவிச் சுருக்கமில்லாமல், அதன்மேல் சங்கத்தின் போஸ்டரை ஒட்டினார், பஞ்சப்படி கேட்டு ஊர்வலம், திரண்டு வாரீர். ஒட்டியதைக் கையால் நீவிவிட்டார். வீட்டுக்கு வந்து, குடுத்துட்டேன், குமாஸ்தா வாங்கி வச்சுக்கிட்டாரு என்றார். எந்தக் குமாஸ்தா என்று தம்பி கேட்டான். பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சவரிராயன் என்றார். இதுதான், இந்த ஒரு சொல்தான். காகிதத்துக்கு அவரிடம் நியாயம் இருந்தது, இன்றைக்கும் எடுத்து வைப்பார், ஏகாதிபத்தியப் பட்டாளத்துக்கு ஒரு தொழிலாளி மகனைத் தரமாட்டேன் என்பது நியாயமில்லையா. சவரிராயன் என்ற பெயருக்கு நியாயம் இல்லை. எப்படிப் புரட்டினாலும் இல்லை.

"மாமா, டிக்கெட் வாங்கட்டுமா, மியூசியம் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க" என்று எழிலரசி பின்னால் வந்து நின்றாள். காரை நிறுத்த இடம் தேடி அலைந்த எரிச்சல் முகத்தில். ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாற்பத்தொன்பது வயது, மாமாவுக்கு ஊர் சுற்றிக்காட்ட லீவு போட்டவள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். துப்பாக்கி, தொப்பி, மேப்பு என்றாள். "ருஷ்யாக்காரனப் பத்தி ஒரு ரூம் இருக்குதா?" இல்லை மாமா. "அப்ப அது மியூசியம் இல்ல, கடை." எழிலரசி சிரித்துவிட்டாள், "ரூவான்ல கோயிலுக்குள்ள வரலன்னீங்க, அது பாதிரியோட கடைன்னீங்க. மடத்துல ஏறலன்னீங்க. உங்களுக்குன்னு ஒரு பெஞ்சு வாங்கிக் கார் டிக்கில வச்சிருந்தா பெட்ரோலாவது மிஞ்சியிருக்கும்." செங்கேணி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அண்ணன் ஆஸ்தி அதான், வரமாட்டேங்கறது. அவர விட்டுட்டு நீ போயி பாத்துட்டு வா" என்றாள். எழிலரசி ஒரு கை புளிசோற்றை வாயில் போட்டுக்கொண்டு போனாள். இப்போது இரண்டு பேர்தான். மணலில் யாரோ நாயை ஓடவிட்டிருந்தார்கள், அது சிமெண்டுப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடிக் குரைத்தது.

சொல்லலாம். ஆனால் சொன்னால் இவளும் போய்விடுவாள், தணிகாசலம் போய்விட்டான், மனைவி போய்விட்டாள், தோழர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களில் ஒருவன் வாரியத் தலைவரானான், ஒருவன் நிலத் தரகனானான், ஆலை பூட்டிக் கிடக்கிறது, வாசலில் ஆடு மேய்கிறது, அண்ணே என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பது இந்த ஒரு வாய். சொல்லாமல் போனால் அந்த வாய் கடைசிவரை அண்ணே என்று கூப்பிடும், மாதம் ஒரு தடவை போனில், கால் வலியைச் சொல்லும். அதற்கென்ன குறை. மூன்று தடவை ஜெயிலுக்குப் போனபோது இந்தப் பயம் வந்ததில்லை, போலீஸ்காரன் நகத்தில் பூட்ஸ் காலை வைத்தபோது வந்ததில்லை, இது வேறு மாதிரிப் பயம், பள்ளிக்கூடத்துப் பையனுக்கு வருவது. தணிகாசலம் ஒருநாளும் கேட்டதில்லை. லாரி ஓட்ட ஆசைப்பட்டவன் அதே ஆலையில் பஞ்சு அடிக்கிற பகுதியில் முப்பது வருஷம் நின்றான், பஞ்சு நெஞ்சில் ஏறியது, கடைசி இரண்டு வருஷம் இருமுவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான், இருமி முடித்து உட்காரும்போது சிரிப்பான், வெட்கப்பட்ட மாதிரி. அவனை அல்ஜீரியாவில் சாகாமல் காப்பாற்றினேன் என்று பல வருஷம் நினைத்ததுண்டு. அல்ஜீரியா அப்போதே விடுதலை வாங்கிவிட்டது, அவருக்கே தெரியும், அவரே அதைக் கொண்டாடி ஒரு துண்டறிக்கை எழுதினார். செங்கேணியின் புருஷன் ரத்தினவேலு பதினைந்து வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தான், பதினைந்து வருஷமும் சமையல் கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்தான், பென்ஷனோடு வந்து, எண்பது வயசில் தூக்கத்தில் போனான். ஏகாதிபத்தியம் அவனை அப்படித்தான் கொன்றது. சரி. சரித்திரம் பொதுவாகச் சொன்னது சரி, ஒரு ஆளுக்கு அது எப்படி நடக்கும் என்பது வேறு, இதை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும், யார் இருக்கிறார்கள் சொல்ல.

"கெளம்பற அன்னைக்கு அந்தம்மா ஜன்னல்ல நின்னுச்சு" என்றாள் செங்கேணி, திடீரென்று. "கைய ஆட்டுது. எண்பத்தெட்டு வயசு, கண்ணு தெரியல, யாருக்கு ஆட்டறோம்னே தெரியாம ஆட்டுது."

"எந்தம்மா?"

"சவரிராயன் பொண்டாட்டி. வேற யாரு. நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டேன்."

எண்பத்துநாலாம் வருஷம் பென்ஷன் வாங்கிக்கொண்டு சவரிராயன் பாரீஸ் பக்கம் குடிவந்தபோது, இத்தனை ஊர் இருக்க, செங்கேணியின் அதே கட்டடத்தில் நாலாவது மாடியில் வந்து விழுந்தான். அவள் சொல்லச் சொல்லக் கலிவரதன் கேட்டார், இந்தக் கதையின் முதல் பாதி அவருக்குத் தெரியும், இந்தப் பாதி தெரியாது. அவள் சும்மா இருக்கவில்லை. கட்டடத்தில் இருந்த பதினாலு புதுச்சேரிக் குடும்பத்துக்கும் ஏறி இறங்கினாள், என் சின்னண்ணன் வாழ்க்கையைக் கெடுத்தவன் இவன், இவனுக்கு யாரும் பத்திரிகை வைக்கக்கூடாது என்றாள். யாரும் வைக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, பொங்கல், எதற்கும் கூப்பிடவில்லை, லிப்டில் அவன் ஏறினால் இவர்கள் இறங்கிப் படியில் நடந்தார்கள். ஒரு நாள் சவரிராயன் இவள் வாசலில் வந்து நின்று, அம்மா எனக்கு அப்படி ஒரு பேரே ஞாபகம் இல்ல, பட்டியல்ல பாத்தேன், வரவே இல்ல என்றானாம். புளுகாத என்று கதவைச் சாத்தினாள். செத்தபோது சவப்பெட்டியைத் தூக்க அடக்கக் கம்பெனி ஆட்கள் நாலு பேரும் மகனும்தான். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், ஒருத்தரும் போகல என்றாள், அதில் இன்னும் கொஞ்சம் பெருமை இருந்தது. கலிவரதனுக்கு ஒரு நொடி, வெட்கத்தோடு, தொழில் தெரிந்தவனின் மெச்சுதல்தான் முதலில் வந்தது: பதினேழு வருஷம் உடையாத பகிஷ்காரம், சந்தா இல்லை, கொடி இல்லை, கருங்காலி ஒருவனும் இல்லை, நான் நடத்தியதில் மிக நீண்டது நாற்பத்தொரு நாள். அதற்கு அடுத்த நொடி அந்த வழுக்கைத் தலை தெரிந்தது, முன்னால் மூன்று பேர், டப் டப் என்று முத்திரை, பட்டியலை எடுத்து விரலால் தேடுகிற கிழவன், இல்லாத பெயரை. வாயை அவர் திறக்கவில்லை, அது திறந்துகொண்டது.

"செங்கேணி, அவன் சொன்னது நெசம். காயிதம் அவன்கிட்ட போவல. நான் குடுக்கல."

அவர் நிறுத்தவில்லை, நிறுத்தினால் முடியாது என்று தெரியும், வரிசை, மூன்று பேர், கிடங்குச் சுவர், பசை, போஸ்டர், பெயரைச் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார், ஏன் செய்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை, அதுதான் அவருக்கு நன்றாகச் சொல்ல வருவது, அதனாலேயே சொல்லவில்லை. காற்று அடித்துக்கொண்டிருந்தது. செங்கேணி கடலைப் பார்த்தாள். டப்பாவின் மூடியை எடுத்து மூடினாள், நாலு பக்கமும் அழுத்தினாள். அவருடைய தட்டில் போட்ட சோறு அவளுடைய பக்கத்திலேயே இருந்தது.

"சின்னண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சாவற வரைக்கும்?"

"சாவற வரைக்கும்."

"எந்தச் சொவரு?"

"சுங்கத்துக்குப் பக்கத்துல இருந்துச்சே, உப்புக் கெடங்கு. அது இப்ப இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது, அழுகிறவளிடம் பேச அவருக்குத் தெரியும், இறந்துபோன தோழர்களின் வீடுகளில் எத்தனை பேரிடம் பேசியிருக்கிறார். இவள் கணக்குப் போடுகிற முகத்தோடு இருந்தாள், பதினாலு குடும்பம், எத்தனை கல்யாணம், எத்தனை படி. நாய்க்காரர்கள் போய்விட்டார்கள். தண்ணீர் திரும்பி வர ஆரம்பித்திருந்தது, அலையாக இல்லை, மணலின் பள்ளங்களில் மெதுவாக நிரம்பிக்கொண்டு.

"உன்ன என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல" என்றாள் கடைசியில். அண்ணே என்று சேர்க்கவில்லை. அவர் அதைக் கவனித்தார். "செத்தவன்கிட்ட நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அந்தம்மா உசுரோட கீது."

"ராத்திரி போனதும் நாலாவது மாடிக்கு ஏறிப் போயி சொல்லிடறேன்."

"ரூமுக்குள்ள உக்காந்து ரகசியமா சொல்றதெல்லாம் கெடையாது." குரலை அவள் உயர்த்தவில்லை. "நான் வீட்டுக்குள்ளயா சொன்னேன்? ஊரக் கூட்டிச் சொன்னேன். நாளைக்கு ஞாயித்துக்கெழம. தமிழ்ப் பூசை முடிஞ்சி எல்லாரும் கோயில் வாசல்ல நிப்பாங்க, அந்தம்மாவையும் மகன் கூட்டியாருவான். அந்தப் பதினாலு குடும்பத்துல மிச்சம் இருக்கிறவங்களை நான் போன் போட்டு வரச் சொல்றேன், சாமி கும்புடாதவங்களையும். அங்க சொல்லு. நான் பக்கத்துல நிப்பேன், எனக்கும் சொல்ல இருக்குது. சொல்லிட்டு விமானம் ஏறு. அப்புறம் நான் உன்கூடப் பேசுவனா பேசமாட்டனான்னு எனக்கே தெரியாது, இப்பவே கேக்காத."

வாசல் கூட்டம். ஆயிரம் வாசல்களில் நின்றிருக்கிறார், ஒவ்வொன்றிலும் குற்றவாளி உள்ளே இருந்தான், மாடியில், கண்ணாடிக்குப் பின்னால். அவருக்குப் பின்னால் கொடி இருந்தது, முன்னால் தன் ஆட்கள் இருந்தார்கள். நாளைக்கு முன்னால் நிற்பவர்கள் தன் ஆட்கள் இல்லை, கண் தெரியாத ஒரு கிழவி, அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் முகத்தோடு. பாதியில் இருமல் வரும், எவனாவது கத்துவான், கத்தட்டும், கத்துகிற கூட்டத்தைப் பேசவிட்டுப் பேசத் தெரியும். முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். பயம் அங்கேதான் இருந்தது, ஆனால் இப்போது அதற்கு ஒரு இடமும் நேரமும் கிடைத்துவிட்டது, அப்படிப்பட்ட பயத்தோடு அவர் வாழ்நாளெல்லாம் வேலை செய்திருக்கிறார். மியூசியம் வாசலில் எழிலரசி கையை அசைத்துக்கொண்டு வருவது தெரிந்தது. செங்கேணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள், முழங்காலைப் பிடித்தாள், அவர் நீட்டிய கையை வாங்காமல் பெஞ்சைப் பிடித்து நிமிர்ந்தாள்.

"பூசை எத்தினி மணிக்கு முடியும்?" என்று கேட்டார் கலிவரதன்.